நிற்கும் காருக்கு ஆகும் செலவு

கேள்வி: மேற்கு மாம்பலத்தில், 1994இல் கட்டப்பட்ட பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். கீழே ஐந்து கார்கள் நிறுத்தவே இடம் உண்டு. எங்கள் வீட்டுக்கு அதில் பங்கில்லை. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் 7 லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கினேன். முதலில் தெருவில் நிறுத்தினேன். மழைநீர் வடிகால் வேலை தொடங்கியதும் அடுத்த தெருவில் ஒரு காலி மனையில் மாதம் 2,000 ரூபாய் வாடகைக்கு நிறுத்துகிறேன். வள்ளுவர் கோட்டம் அருகே உள்ள என் அலுவலகத்தில் காருக்கு இடமில்லாததால், பக்கத்திலுள்ள தனியார் நிறுத்தத்தில் நாளுக்கு 150 ரூபாய் கொடுக்கிறேன். கடந்த ஓராண்டில் இரண்டு முறை ‘நோ பார்க்கிங்’ அபராதமும் வந்தது. இப்போது காலி மனையின் உரிமையாளர் வீடு கட்டப்போவதாகச் சொல்லி, ஆடி மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார். எங்கள் குடியிருப்பில் கார் இல்லாத ஒரு பெரியவர், தம்முடைய கார் நிறுத்துமிடத்தை 3.5 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகவும், முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பதாகவும் சொல்கிறார். வாங்கலாமா? அல்லது காரையே விற்றுவிடலாமா? சாலை வரி கட்டிய பிறகும் நிறுத்துவதற்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டியிருப்பது நியாயமா?

நிதி ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வாங்குவதா, விற்பதா என்று முடிவு செய்வதற்கு முன், நீங்கள் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்கும் தொகைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். காலி மனைக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய். அலுவலகத்துக்கு அருகில், மாதம் 22 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 39,600 ரூபாய். மருத்துவமனை, கடைவீதி, திருமண மண்டபம் என்று போகிற இடங்களில் கொடுப்பது மாதம் 500 ரூபாய் என்று உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அது 6,000 ரூபாய். அபராதம் முதல் முறை 500, இரண்டாம் முறை 1,500 என்று 2,000 ரூபாய். மொத்தம் 71,600 ரூபாய், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய். பெட்ரோலுக்கு மாதம் 3,000 ரூபாய் ஆவதாகச் சொல்கிறீர்கள். ஆகவே உங்கள் கார் ஓடுவதற்கு ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கு அது நிற்பதற்கு ஆகிறது. இதில் பாதிக்கு மேற்பட்ட தொகை தாயாருக்காக ஆவதன்று. நீங்கள் தனியாக அலுவலகம் சென்று வருவதற்கு ஆவது. பெரியவர் தரும் இடத்தைப் பற்றிய கேள்வியே உங்களை அதிகம் உறுத்துகிறது என்றாலும், பணம் அதிகமாகக் கசிவது வேறு இடத்தில் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்தப் பெரியவரின் இடம். ஒரு பொருளை விலைக்கு வாங்குகிறோம் என்றால், விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்க வேண்டும். நமக்கு அதைப் பிறகு விற்கும் வழி இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் இந்த இரண்டுமே ஐயத்துக்குரியவை. மும்பையைச் சேர்ந்த ஒரு கட்டுமான நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 2010ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் தளத்திலும் (தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்) திறந்த வெளியிலும் உள்ள கார் நிறுத்துமிடங்கள் குடியிருப்போரின் பொதுப் பகுதிகளே என்றும், அவற்றைக் கட்டுநர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்றும் கூறியது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் அடிப்படையில் வந்த தீர்ப்பு. பின்னர் 2016இல் நாடு முழுவதற்கும் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், திறந்தவெளி நிறுத்துமிடங்களையும் பொது அடித்தளங்களையும் பொதுப் பகுதி என்ற வரையறைக்குள் வைத்தது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள இடத்தை மட்டுமே ‘கேரேஜ்’ என்று தனியாகக் குறிப்பிட்டது. உங்கள் கட்டடம் அந்தச் சட்டத்துக்கு வெகுகாலம் முற்பட்டது என்பதால் அது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் எந்தத் திசையில் செல்கின்றன என்பதை அறிந்துகொண்டே ஒருவர் தம் பணத்தைப் போட வேண்டும்.

ஆகவே அவருடைய கிரயப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சொத்து விவரப் பகுதியில், வீட்டின் பரப்பளவும் பிரிக்கப்படாத நிலப் பங்கும் எழுதப்பட்டிருக்கும் இடத்தில், ‘கவர்டு கார் பார்க்கிங்’ என்ற சொற்கள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அவருடைய நிலை சற்று வலுவானது. ஆனால் அப்போதும் அந்த உரிமை அவருடைய வீட்டோடு ஒட்டியது, அதைப் பிய்த்துத் தனியாக உங்களிடம் தருவது எளிதன்று. அவ்வாறு இல்லாமல், கட்டுநர் 1994இல் கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதம் மட்டுமே இருக்கிறது என்றால், அவரிடம் இருப்பது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியே தவிர விற்கக்கூடிய சொத்து அன்று. இரண்டு நிலையிலும், பதிவு செய்யப்படாத முத்திரைத்தாளில் எழுதித் தருவது உங்களுக்கு உரிமையைத் தராது. பணம் கைமாறியது என்பதற்கு ஒரு சாட்சியாக மட்டுமே இருக்கும். நாளை அவர் வீட்டை விற்றாலோ, அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து கேட்டாலோ, நீங்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

சட்டத்தை விட்டுவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது ஆதாயமில்லை. 3.5 லட்சம் ரூபாயை 7 விழுக்காடு வட்டியில் வைப்புத்தொகையாகப் போட்டால் ஆண்டுக்கு 24,500 ரூபாய் வரும். மாதத்துக்கு ஏறத்தாழ 2,040 ரூபாய். நீங்கள் இப்போது காலி மனைக்குக் கொடுக்கும் வாடகையும் அதுவே. வாடகைக்கு இருந்தால் அசல் உங்களிடம் இருக்கும். வாங்கினால் அசல் போய்விடும், அது திரும்பி வருமா என்பதும் தெரியாது.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். உங்கள் பகுதியில் 1980களிலும் 90களிலும் கட்டப்பட்ட குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு மறுபடி கட்டப்படுகின்றன. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இன்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குச் செல்லலாம். முப்பது ஆண்டுகளைக் கடந்த உங்கள் கட்டடத்தில் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்றால் அது வியப்புக்குரியது. அவ்வாறு இடிக்கப்படும் நாளில் வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் நிலப் பங்குக்கு ஏற்ப உங்களுக்குப் புதிய வீடு கிடைக்கும். புதிய கட்டடம் இன்றைய விதிகளின்படி வீடுகளுக்கு ஏற்ற நிறுத்துமிடங்களோடுதான் அனுமதி பெற முடியும் என்பதால், அநேகமாக உங்களுக்கும் ஓர் இடம் அதில் வரும். இன்று 3.5 லட்சம் கொடுத்து வாங்கும் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட தரை மட்டும் இடிபாட்டோடு சேர்ந்து போய்விடும். என் கருத்தில், இந்த ஒரு காரணமே வாங்காமல் இருப்பதற்குப் போதும்.

அதற்காக அந்த இடத்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே இறங்கியதும் கார் நிற்பது, நடக்க முடியாத ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் பெரிய வசதி. வாடகைக்குக் கேளுங்கள். மாதம் 2,500 ரூபாய் வரை கொடுப்பதில் தவறில்லை. காலி மனையைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் 500 ரூபாய், தாயாரை அடுத்த தெரு வரை வெயிலில் காத்திருக்க வைக்காமல் இருப்பதற்கான விலை என்று கொள்ளலாம். பதினொரு மாதத்துக்கு ஓர் எளிய உரிம ஒப்பந்தம் எழுதி, அதைக் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏனென்றால் மற்ற ஆறு ஏழு வீட்டாரும் அதே இடத்தின் மீது கண் வைத்திருப்பார்கள், எழுத்தில் இல்லாத ஏற்பாடு அடுத்த தலைவர் வந்ததும் சண்டையாகிவிடும். பெரியவருக்கு இப்போது மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறது என்றால், நம் ஊரில் வீட்டுக்குச் செய்வதைப் போலப் போக்கியமாக, திருப்பித் தரும் நிபந்தனையோடு, ஒரு லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அந்த இடத்தை ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துக்கொண்டு பாருங்கள். 2015இலும் 2021இலும் மேற்கு மாம்பலத்தில் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்பது உங்கள் காவலாளிக்கோ மாடியில் இருக்கும் பழைய குடும்பங்களுக்கோ தெரிந்திருக்கும். ஸ்டில்ட் தளத்தின் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், கூரை இருந்தும் பயனில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மீது நிறுத்தியது, சொந்த நிறுத்துமிடம் இல்லாததால் அல்ல, அங்கே தண்ணீர் புகுந்துவிடும் என்பதால். முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும், நீர் புகுந்து எஞ்சின் கெடுவதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை தேவைப்படும். புதுப்பிக்கும்போது அது உள்ளதா என்று பாருங்கள்.

இனி அலுவலகம். இங்கேதான் ஆண்டுக்கு 39,600 ரூபாய் போகிறது, இதை முழுவதுமாக நிறுத்த முடியும். மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் இரண்டாவது நிலையம். புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அங்கிருந்து வள்ளுவர் கோட்டம் பகுதிக்கு நடந்தே போகலாம், வெயிலில் ஆட்டோ பிடித்தாலும் நாளுக்கு 150 ரூபாயைத் தாண்டுவது அரிது. ரயில் கூட்டம் ஒத்துவராது என்றால், உங்கள் அலுவலகத்தில் இருசக்கர வாகனங்களுக்கு இடம் உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் மனைவியின் ஸ்கூட்டரும் இருக்கிறது. தெருவோர மாநகராட்சி நிறுத்தத்துக்கு மாறினால் மிச்சமாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆகாது. சென்னையில் அந்த நிறுத்தங்களில் காருக்கு மணிக்கு 20 ரூபாய் என்பது வழக்கமான கட்டணம்; ஒன்பது மணி நேரத்துக்கு 180 ரூபாய் ஆகிவிடும். தெருவோர இடம் அரை மணி, ஒரு மணி நேர வேலைக்காக வந்து போகிறவர்களுக்கானது. நாள் முழுவதும் ஒரே கார் அங்கே நின்றால் பக்கத்துக் கடைக்கு வருகிறவர் மூன்று முறை அதே தெருவைச் சுற்றிவர நேரும். நீங்கள் மருத்துவமனை வாசலில் தாயாரை இறக்கிவிட்டு இடம் தேடிச் சுற்றுவதும் வேறு யாரோ அப்படி நிறுத்திவிட்டுப் போனதால்தான்.

தியாகராய நகர் போவதற்கும் காரை எடுக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் திறக்கப்பட்ட, 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. மேற்கு மாம்பலத்திலிருந்து நிலையத்தின் நடைமேம்பாலம் ஏறினால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சிக்காமலேயே அக்கரைக்குப் போய்விடலாம். தாயாரோடு போகும்போது காரைத் தவிர்க்க முடியாது என்றால், தெருவில் தேடி அலைவதைவிடத் தணிகாசலம் சாலையில் மாநகராட்சி கட்டியிருக்கும் பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு நேராகப் போங்கள். ஏறக்குறைய 200 கார்களுக்கு இடமுள்ள அந்தக் கட்டடத்தை விட்டுவிட்டுப் பாண்டி பஜாரை மூன்று முறை வலம் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கே நிறுத்தினாலும் ரசீது கேளுங்கள். ரசீது தராமல் கூடுதலாகக் கேட்டால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சாலை வரி பற்றிய உங்கள் கேள்வி பலரும் கேட்பது. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு ஆயுட்கால வரி 13 விழுக்காடு. நீங்கள் ஏறத்தாழ 91,000 ரூபாய் செலுத்தியிருப்பீர்கள். பெரிய தொகைதான். அதைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 17 ரூபாய்க்கும் குறைவு, அதாவது மாநகராட்சி நிறுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. அந்த வரி மாநில அரசுக்குச் செல்கிறது, வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்காக. தெருவின் ஒரு துண்டை இரவும் பகலும் வைத்துக்கொள்வதற்காக அன்று. கட்டட விதிகள் ஒரு காருக்கு ஒதுக்கச் சொல்லும் இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது ஏறத்தாழ 135 சதுர அடி. உங்கள் பகுதியில் கட்டிய வீட்டின் விலை சதுர அடிக்கு 10,000 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், அந்தப் பரப்பின் மதிப்பு 13 லட்சம் ரூபாயைத் தாண்டும். 7 லட்சம் ரூபாய்க் கார் அதைவிட விலை உயர்ந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அந்த இடத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும். ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுத்த இடம் இருப்பதற்குக் காவல் நிலையத்தில் சான்றிதழ் பெற்ற பிறகே பெரும்பாலான நகரங்களில் கார் வாங்க முடியும். சென்னைக்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்ற பேச்சு அரசு வட்டாரத்தில் எழுந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு உண்டு. ஆனால் பேருந்துகளை அதிகரிக்காமல் அதை மட்டும் கொண்டுவந்தால், நிறுத்துமிடம் வைத்திருப்பவர்களே கார் வைத்துக்கொள்ளும் ஊராகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதே காரணத்தால், உங்கள் தெருவில் வீட்டு வாசல்களுக்கு முன் உடைந்த பூந்தொட்டியும் கருங்கல்லும் போட்டு, ‘இங்கே நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று எழுதி வைத்திருப்பவர்களுக்கும் அந்த இடம் சொந்தமன்று. வண்டி வெளியே வரும் வழியை நீங்கள் மறிக்கக் கூடாது, அவ்வளவே. சுற்றுச்சுவரை ஒட்டிய சாலை பொதுச் சாலை. காற்றைப் பிடுங்கினால் அது குற்றமும் ஆகும். இதற்காக நீங்கள் அவர்களோடு வழக்காடப் போவதில்லை என்று நம்புகிறேன்.

காரை விற்பதா என்பது கடைசி. அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதை நிறுத்திய பிறகு, நிறுத்துமிட வாடகை 2,500, பெட்ரோல் 1,500, காப்பீடும் பராமரிப்பும் சேர்த்து 2,500 என்று மாதம் 6,500 ரூபாய் ஆகும். மருத்துவமனைக்கும் உறவினர் வீடுகளுக்குமாக மாதம் பன்னிரண்டு முறை வாடகைக் கார் எடுத்தால், ஒவ்வொன்றும் 250 ரூபாய் என்று 3,000 ரூபாயோடு முடிந்துவிடும். கணக்கு விற்கச் சொல்கிறது. நான் இப்போது விற்கச் சொல்லமாட்டேன். ஒரு பக்கம் வலுவிழந்த தாயார் முன் இருக்கையில் ஏறி அமர ஐந்து நிமிடமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஹாரன் அடிக்கும் ஓட்டுநர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரவு இரண்டு மணிக்கு வாடகைக் கார் வருமா என்ற கேள்விக்குக் கணக்கில் பதில் இல்லை. மாதம் 3,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அந்த நிம்மதியை வைத்துக்கொள்வது, உங்கள் வருமானத்துக்குத் தகாத செலவன்று. அலுவலக நிறுத்தத்தில் மிச்சமாகும் 3,300 ரூபாயே ஏறத்தாழ அதை ஈடுகட்டிவிடும். பெரியவர் வாடகைக்கு ஒப்புக்கொள்ளாமல், ஆடிக்குள் நடந்து போகும் தூரத்தில் வேறு இடமும் கிடைக்காவிட்டால் மட்டும் விற்பதைப் பற்றி மறுபடி எழுதுங்கள். மறுபடியும் தெருவில் விடுவது என்ற நான்காவது வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள கட்டணப்படி, நிறுத்தக்கூடாத இடத்தில் மீண்டும் மீண்டும் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் 1,500 ரூபாய், வண்டியை இழுத்துச் சென்றால் அதற்கான செலவும் உங்களுடையது.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது. இந்த வாரமே பெரியவரிடம் பத்திர நகலைக் கேட்டு, வாடகைப் பேச்சைத் தொடங்குங்கள். காலி மனைக்காரரிடம் ஆடி முடியும் வரை இருப்பதற்கான சம்மதத்தை ஒரு குறுஞ்செய்தியிலாவது வாங்கி வையுங்கள். அலுவலக நிறுத்தத்தில் மாத அட்டை வைத்திருந்தால் அடுத்த மாதத்துக்குப் புதுப்பிக்க வேண்டாம். இரண்டு அபராதங்களில் ஒன்றை இன்னும் செலுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இணையத்தில் கட்டி ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காரை விற்கும் நாள் வந்தால், பெயர் மாற்றத்தின்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது நிலுவையில் உள்ள அபராதங்களைத்தான்.